பிஸ்டலுக்கு வாங்கிய உபரி ரீகாயில் ஸ்பிரிங்குகளை எப்படி லேபிள் போட்டு வைப்பது, எப்படிப் பராமரிப்பது?

டப்பாவில் பல ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன, எது எத்தனை பவுண்டு விசை என்று தெரியவில்லை, இனியாவது ஒழுங்காக வைக்க வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சுட்டதும் பின்னால் போகும் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் நகரும் மேல்பாகத்தை, மறுபடி முன்னால் தள்ளுவதுதான் ரீகாயில் ஸ்பிரிங். ஏற்கெனவே கலந்துபோனவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

16 பவுண்டையும் 18 பவுண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் புது ஸ்பிரிங்கை அது வந்த கவரிலேயே விட்டுவிடுங்கள், கவர் கிழிந்திருந்தால் ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் பைக்கு மாற்றுங்கள், ஒரு பைக்கு ஒன்றுதான். பை மேல் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதினால் எண்ணெய்க் கை பட்டு அழிந்துவிடும். காகிதத்தில் எழுதி வெளியே தெரிகிற மாதிரி உள்ளே போடுவதே மேல்.

நிறைய பேர் பவுண்டை மட்டும் எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள். அது பாதித் தகவல்தான். அந்த எண் பொதுவாக ஸ்லைடு முழுக்கப் பின்னால் போய் நிற்கும்போது ஸ்பிரிங் தரும் விசை, அதாவது குறிப்பிட்ட நீளத்துக்கு அமுங்கியபோது. 5 அங்குல பேரல் (குழல்) உள்ள .45 காலிபர் (தோட்டா அளவு) 1911 மாடல் பிஸ்டலுக்கு வழக்கமானது 16 பவுண்டு, அதன் குட்டை வடிவமான 4.25 அங்குல கமாண்டருக்கு 18. முதல் வகைக்கான ஸ்பிரிங்கைக் குட்டையான பிஸ்டலில் போட்டால் அது அமுங்கும் நீளமே வேறு, எண்ணுக்கு அர்த்தம் போய்விடும், சில சமயம் ஸ்லைடு முழுக்கப் பின்னால் போகும் முன்பே சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். ஆகவே மாடல், பேரல் நீளம், காலிபர், பவுண்டு, தயாரிப்பாளர் எல்லாமே வேண்டும். க்ளாக் கம்பெனி பிஸ்டல் என்றால் எந்தத் தலைமுறை என்பதும். க்ளாக் 17இல் மூன்றாம் தலைமுறையில் கைடு ராடோடு (ஸ்பிரிங்குக்குள் இருக்கும் தண்டு) சேர்ந்த ஒற்றை ஸ்பிரிங், நான்காம் தலைமுறையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு, மாற்றிப் போட முடியாது.

ஸ்பிரிங் மேலேயே எதையும் கீறாதீர்கள், ராவாதீர்கள். கீறல் விழுந்த இடத்தில்தான் விரிசல் ஆரம்பிக்கும். கடைசிச் சுருளில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைக்கலாம், ஆனால் துப்புரவு சால்வெண்ட் பட்டால் கரைந்துவிடும், அதை நம்பி பையை விட்டுவிடக் கூடாது.

என்னைக் கேட்டால் உபரி ஸ்பிரிங்கைவிட பிஸ்டலுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குக்குத்தான் லேபிள் அவசியம். அது எப்போது மாட்டப்பட்டது, அதற்கப்புறம் எத்தனை ரவுண்டு சுட்டாயிற்று என்று தெரியாவிட்டால் உபரியை எப்போது எடுப்பீர்கள்? காலியான பையைத் தூக்கி எறியாமல் அதே காகிதத்தில் மாட்டிய தேதியையும் ரவுண்டு கணக்கையும் எழுதிக்கொண்டே வாருங்கள். முழு அளவு 1911க்கு 2,000 முதல் 3,000 ரவுண்டுக்குள் மாற்றுவது பரவலான வழக்கம். குட்டை பேரல் பிஸ்டல்களில் ஸ்பிரிங் அதிகம் கசங்குவதால் அதற்கு வெகுமுன்பே மாற்ற வேண்டியிருக்கும். ஸ்லைடு முழுக்க முன்னால் வந்து மூடாமல் நிற்பது, சுட்ட தோட்டாக்களின் காலிக் குப்பிகள் வழக்கத்தைவிடத் தூரம் பறப்பது, இதெல்லாம் ஸ்பிரிங் தளர்ந்ததற்கு அடையாளம்.

நீளத்தையும் குறித்து வையுங்கள், ஆனால் புதிதாகக் கையில் எடுத்தவுடன் அல்ல. முதல் சில மேகசின்கள் (தோட்டா அடைக்கும் பெட்டி) சுட்டு முடிப்பதற்குள்ளேயே ஸ்பிரிங் கொஞ்சம் சுருங்கி ஒரு நிலைக்கு வரும், அது இயல்பு. அதற்குப் பிறகு அளந்ததுதான் உங்கள் அளவுகோல், ஒவ்வொரு முறை கழற்றும்போதும் அதனோடு ஒப்பிடுங்கள். இன்னொரு கம்பெனி ஸ்பிரிங்கின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பெட்டிக்குள் ஒரு சிலிகா ஜெல் பொட்டலம், ஸ்பிரிங்கை அமுக்காமல் வளைக்காமல் வைப்பது, அவ்வளவுதான். துருவால் குழி விழுந்திருந்தால் தேய்த்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள், தூக்கி எறிந்துவிடுங்கள்.

சரி, கலந்துபோனவை. ஸ்பிரிங் நழுவாமல் இருக்க உள்ளே ஒரு ராடைச் செருகி, தராசு மேல் நிறுத்தி, பவுண்டு தெரிந்த அதே மாடல் புது ஸ்பிரிங்கை ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு அமுக்கி எடையைப் பாருங்கள், பிறகு தெரியாதவற்றையும் அதே நீளத்துக்கு அமுக்குங்கள். 16 பவுண்டு என்றால் சுமார் 7.25 கிலோ, 18 என்றால் 8.15 கிலோவுக்குச் சற்று மேல், எனவே 10 கிலோவாவது தாங்கும் தராசு வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், நழுவினால் நேராக முகத்துக்குத்தான் வரும். இந்த அளவு ஒப்பீட்டுக்கு மட்டும்தான், நீங்கள் அமுக்கும் நீளமும் பிஸ்டலுக்குள் அமுங்கும் நீளமும் ஒன்றாக இருக்காது. தளர்ந்த 18, புது 16 மாதிரியே காட்டவும் கூடும். அதனால் இப்படிக் கண்டுபிடித்தவற்றைத் தனிப் பையில் போட்டு, எழுதியதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள், பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.