‘எதையும் அறியாத ஏழை’ – அறியாமையா?

வணக்கம். இடைக்கால ஜெர்மானிய இறையியலாளர் மாய்ஸ்டர் எக்கார்ட் தம் மறையுரையில் ஏழையை ‘எதையும் அறியாதவன்’ என்பது ஞானத்தைப் பழிப்பதாகாதா என்று கட்டுரைக்காகக் கேட்டிருந்தீர்கள். ஆகாது என்பதே என் கருத்து. ‘ஏழையரின் உள்ளத்தோர் பேறுபெற்றோர்’ என்னும் நற்செய்தி வசனத்தை (மத்தேயு 5:3) விளக்கும் அவ்வுரையில், எதையும் விரும்பாதவன், எதையும் அறியாதவன், எதையும் உடைமையாகக் கொள்ளாதவன் என்று ஏழையை வரையறுக்கும் எக்கார்ட், கிறிஸ்துவுக்காக விரும்பி ஏற்கும் புறவறுமையைப் பாராட்டிவிட்டு, அதனினும் ஆழமான அகவறுமைக்கே செல்கிறார். கடவுள் தன்னுள் வாழ்கிறார் என்னும் அறிவைக்கூடத் தனதெனப் பற்றிக்கொள்ளாத நிலையே அங்கு அறியாமை எனப்படுகிறது. (பாரிஸில் இறையியல் கற்பித்தவர் கல்வியை இகழ்ந்திருப்பாரா?) வறுமையைத் தழுவிய துறவி பிரான்சிஸ் அசிசியாரின் எளிமையோடு இதைக் குழப்ப வேண்டாம்: நற்பண்புகளைப் பெண்களாக உருவகித்து வாழ்த்திய அவர், ஞானத்தை அரசியாகவும் தூய எளிமையை அவளுடைய சகோதரியாகவும் கண்டார், வறுமைக்கு அவர் தந்த சகோதரி பணிவு.