கிடாய்க்குச் சலம் அடைத்தால் ஓமோன் ஊசி உதவுமா?

கேள்வி: மாங்குளத்தில் ஆடு வளர்க்கிறேன். ஒரு மாதத்திலேயே நலமடித்த கிடாய், இப்போது ஏழு மாதம், 20 கிலோ வரும். நேற்றுப் பின்னேரம் தொடக்கம் முக்கிக்கொண்டு நிற்கிறது. சலம் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. தீன் பெரும்பாலும் தவிடு. எலிகளின் சிறுநீரகத்தைக் காத்த பெப்ரைட்டு (சிறு புரத வகை ஓமோன்) ஊசி பற்றி வாசித்தேன். அதைப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். இன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். இது சலக்கல் அடைப்பு போலத்தான் இருக்கிறது.

நீங்கள் வாசித்த பெப்ரைட்டு இதய மேலறையில் சுரக்கும் ஓமோனாக இருக்கவேண்டும். 1981இல் எலியின் மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்கு ஏற்றியபோது உப்பும் சலமும் ஏராளமாக வெளியேறின. ஆய்வுகூட விலங்குகளில் அது சிறுநீரகச் செயலிழப்பையும் தணித்தது. ஆனால் 1997இல் வெளியான, 504 மனித நோயாளிகளில் செய்த பரிசோதனையில் மொத்தத்தில் பலன் தெரியவில்லை. உங்கள் கிடாய்க்கோ சிக்கலே வேறு. சலம் ஊறுகிறது, போக வழியில்லை. ஊறுவதைக் கூட்டும் எந்த மருந்தும் சலப்பையை வெடிக்க வைக்கலாம்.

குறியைச் சுற்றியுள்ள மயிரை விரலால் உருட்டிப் பாருங்கள், மணல்போல நறநறக்கும். கல் பெரும்பாலும் ஆண்குறி நுனியில் புழுப்போல நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில் சிக்கும். வைத்தியர் அதை நறுக்கிவிட்டால் சில ஆடுகளுக்கு உடனே சலம் பாயும். மேலே வளைவில் சிக்கியிருந்தால் சத்திரசிகிச்சைதான். முக்கல் திடீரென்று நின்று, வயிறு இரண்டு பக்கமும் ஊதினால் சுகம் வந்ததென்று இருந்துவிடாதீர்கள், பை வெடித்திருக்கும்.

காரணம் தவிடு. அதில் பொசுபரசு கல்சியத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல். தீனில் கல்சியம் இரண்டு பங்கு, பொசுபரசு ஒரு பங்கு என்று இருக்கவேண்டும். தவிட்டை நிறுத்திப் புல்லும் குழையும் போடுங்கள். கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் தண்ணீர் வாளியை நிழலில் வையுங்கள், சூடான தண்ணீரை ஆடு குறைவாகத்தான் குடிக்கும். அடைப்பு நீங்கிய பிறகு வைத்தியர் சொன்னால் அமோனியம் குளோரைட்டு கிலோவுக்கு 200 மில்லிகிராம், 20 கிலோ கிடாய்க்கு நாளுக்கு 4 கிராம், தண்ணீரில் கரைத்துப் பருக்கலாம். அடைத்திருக்கும்போது கூடாது.

அடுத்த குட்டிகளை நாலைந்து மாதம் கழியமுன் நலமடிக்க வேண்டாம். விதையில் ஊறும் ஓமோன்தான் சலக்குழாயை அகலமாக வளர்க்கிறது.