பாங்காக்கில் முதல் மூன்று நாள்: முதுகில் பையோடு கிளம்புகிறவர்களின் கேள்விகள்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை தாய்லாந்தைப் பற்றியவை. சென்னையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை மணி நேர விமானம், தங்கும் செலவு குறைவு, தனியாகப் பை மாட்டிக்கொண்டு முதல் தடவை கிளம்ப நல்ல நாடு. அதனால் பாங்காக்கில் இறங்கிய முதல் சில நாட்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

விமானம் விடியற்காலை பாங்காக் சேர்கிறது. அன்றைக்கே பழைய தலைநகரான அயுத்தயா பார்த்துவிட்டு, இரவு ரயிலில் வடக்கே சியாங் மாய் போகத் திட்டம். சரிவருமா?
— திருச்சி வாசகர்

வேண்டாம், இரண்டையும் தள்ளிப்போடுங்கள். விமானத்தில் உட்கார்ந்தபடி கண்ணயர்வது தூக்கக் கணக்கில் சேராது. அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் அந்த ராத்திரி இன்னும் சுருங்கிவிடும். தூக்கம் கெட்ட தலையோடு புது ஊர் நோட்டுகளை எண்ணுவதும், டாக்சிக்கு வாடகை பேசுவதும், பாஸ்போர்ட்டை எந்த ஜிப்பில் வைத்தோம் என்று நினைவு வைத்துக்கொள்வதும் கஷ்டம். முதல் நாள் நடக்கிற தவறுகளில் பாதி அங்கிருந்துதான் வருகின்றன என்பது என் கருத்து.

பெரும்பாலான ஹாஸ்டல்களில் மதியம் இரண்டு மணி வாக்கில்தான் படுக்கை கிடைக்கும். ஆனால் பையைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பையைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஏதாவது சாப்பிட்டு, சாவ் ப்ரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய பயணிகள் படகில் ஏறி ஊரை ஒரு சுற்றுப் பாருங்கள். படுக்கை கிடைத்ததும் கொஞ்சம் தூங்குங்கள். முதல் நாளுக்கு அது போதும். இரண்டு இரவாவது ஒரே இடத்தில் இருங்கள்.

அயுத்தயா வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மூன்றாம் வகுப்பு ரயிலில் மிகக் குறைந்த கட்டணத்தில் போய் மாலையே திரும்பலாம். அதை மூன்றாம் நாளுக்கு வையுங்கள். சியாங் மாய் இரவு ரயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய வழிகாட்டிகளில் ஹுவா லம்போங் நிலையம் என்று இருக்கும். 2023 ஜனவரியிலிருந்து தொலைதூர ரயில்கள் குருங் தெப் அபிவாட் நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பாங் சூ மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் அங்கே போய்விடலாம். கீழ்ப் படுக்கை அகலமாக இருக்கும், கட்டணம் கொஞ்சம் கூடுதல். கிடைத்தால் அதையே எடுங்கள். பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை வடக்கே காட்டையும் வயலையும் எரிக்கிற புகை சூழ்ந்திருக்கும். ஆஸ்துமா இருந்தால் அந்த மாதங்களில் சியாங் மாய் வேண்டாம்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக எது நல்லது?
— ஈரோடு வாசகர்

முதலில் உங்கள் டிக்கெட்டைப் பாருங்கள். பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள்: சுவர்ணபூமி, டான் முவாங். மலிவு விமானங்கள் பல டான் முவாங்கில் இறங்கும். சுவர்ணபூமி என்றால் அடித்தளத்திலிருந்து கிளம்பும் ஏர்போர்ட் ரயில் லிங்க். கடைசி நிறுத்தமான பாயா தாய் வரை 45 பாட் (தாய்லாந்து நாணயம்), அரை மணி நேரம். அங்கேயே பறக்கும் ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். டான் முவாங் என்றால் சிவப்பு வழித்தட ரயில், அதுவும் குருங் தெப் அபிவாட்டுக்கு வந்துவிடும்.

ரயில் ஓடாத நேரம் என்றால் மீட்டர் டாக்சி. வருகைக் கூடத்தில் தானாக வந்து பேசுகிறவர்களைத் தவிர்த்து, வரிசையில் நின்று இயந்திரம் தரும் சீட்டை எடுங்கள். மீட்டர் தொகையோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட்டும், விரைவுச்சாலையில் போனால் அந்தச் சுங்கமும் சேரும். அது ஏமாற்று இல்லை.

அப்புறம், 2025 மே 1 முதல் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். தாய்லாந்து அரசின் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். விசா விதி அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தையும் ஒருமுறை பாருங்கள்.

ரூபாயாகவே எடுத்துப்போய் அங்கே மாற்றலாமா?
— மதுரை மாணவர்

மாற்றலாம், ஆனால் ரூபாய்க்குக் கிடைக்கிற விகிதம் பெரும்பாலும் நஷ்டம்தான். கொஞ்சம் டாலர் நோட்டும் ஒரு ஃபாரெக்ஸ் கார்டும் நல்ல ஜோடி. சுவர்ணபூமியில் வருகைக் கூடத்து வங்கிக் கவுன்டர்களைவிட, கீழே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பணமாற்றுக் கடைகளில் விகிதம் நன்றாக இருக்கும். வெளிநாட்டுக் கார்டுக்கு அங்குள்ள ஏடிஎம்களில் ஒவ்வொரு தடவையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிப்பார்கள். எனவே 1,000, 2,000 என்று அடிக்கடி எடுக்காமல் ஒரே தடவையாக எடுங்கள். ரூபாயில் கணக்கிட்டுக் கழிக்கவா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

நிறையப் பேர் மறப்பது ஓடிபி. உங்கள் இந்திய சிம்முக்கு ரோமிங் போட்டு வைக்காவிட்டால் வங்கிக் குறுஞ்செய்தி வராது, கார்டு இருந்தும் பயன் இருக்காது. இதை ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்குப் பாங்காக் வெயில் என்ன செய்துவிடும்?
— சென்னை வாசகர்

செய்யும். சென்னையில் மே மாதம் மதியம் ஒரு மணிக்கு நீங்கள் எட்டுக் கிலோ பையோடு நான்கு கிலோமீட்டர் நடப்பதில்லை. பயணத்தில் அதைத்தான் செய்கிறோம், அதுவும் தூங்காமல், சரியாகச் சாப்பிடாமல், ஜில்லென்ற மாலுக்குள்ளும் வெளியிலுமாக மாறி மாறி. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை உலராது. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும்.

காலை பத்தரைக்குள் நடக்க வேண்டியதை நடந்துவிட்டு, மதியம் நிழலில் இருங்கள், மாலை நான்குக்கு மேல் மறுபடி கிளம்புங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் நாலைந்து ஊரிலிருந்தே எடுத்துப்போங்கள். நிறைய வியர்த்த நாளில் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பது நல்லதல்ல, உப்பும் உள்ளே போக வேண்டும். தலைசுற்றல், குமட்டல் வந்தால் உட்கார்ந்து குளிர்ந்துகொள்ளுங்கள். கூட வந்தவர் குழம்பிப் பேசினாலோ, உடம்பு கொதித்து நிலை தடுமாறினாலோ காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸ் எண் 1669. வரும்வரை ஈரத்துணி, விசிறி என்று எப்படியாவது உடம்பைக் குளிர்வியுங்கள்.

சுத்த சைவம். பட்டினிதானா?
— கும்பகோணம் வாசகி

இல்லை. ஆனால் "காய்கறி மட்டும்" என்று சொன்னால் போதாது. காய்கறி வதக்கலிலும் மீன் சாறும் சிப்பிச் சாறும் விழும், பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால் கிடக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தோடு "ஜே" என்று போட்ட கடைகளைத் தேடுங்கள். அங்கே இறைச்சி, மீன், முட்டை, பால், ஏன் வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. மற்ற கடைகளில் காட்ட, மீன் சாறு வேண்டாம் என்பதைத் தாய் எழுத்தில் போனில் சேமித்து வையுங்கள். தயிர்சாதம் கேட்டு மனசு ஏங்கினால் சீலோம் சாலைப் பக்கம் இந்திய உணவகங்கள் உண்டு. 1879-இல் தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோவிலும் அங்கேதான். நவராத்திரி சமயமென்றால் அம்மன் ஊர்வலத்தைக் கட்டாயம் பாருங்கள். தாய் மக்களும் வழி நெடுகப் பூவும் விளக்கும் வைத்துக் காத்திருப்பார்கள்.

23 வயது மகள் தனியாகப் போகிறாள். பயமாக இருக்கிறது.
— ஒரு அம்மா, சேலம்

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. அதற்காகத் தடுக்க வேண்டாம். தாய்லாந்தில் பெண்கள் தனியாகப் பயணம் போவது சாதாரணம். பகலில் போய்ச் சேரும் விமானமாகப் பாருங்கள். முதல் இரண்டு இரவுக்குப் பெண்கள் மட்டும் தங்கும் டார்ம் அறையை (பலர் சேர்ந்து தங்கும் ஹாஸ்டல் அறை) முன்பதிவு செய்யச் சொல்லுங்கள், ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில். காவோ சான் தெரு கொண்டாட்டத்துக்குச் சரி, முதல் இரவுத் தூக்கத்துக்குச் சரியில்லை. லாக்கருக்குப் பூட்டு அவளே கொண்டுபோகட்டும். இரவில் தெருவில் டாக்சியை மறிக்காமல் கிராப் செயலியில் வண்டி கூப்பிட்டு, அந்தப் பயண விவரத்தை உங்களுக்கு அனுப்பட்டும். சுற்றுலாக் காவல்துறை எண் 1155, ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஒன்று மட்டும் நீங்கள் செய்யுங்கள்: ஒரு நாளைக்கு ஒரு நேரம் வைத்துப் பேசுங்கள். மணிக்கொருதரம் அழைத்தால் அவள் வழியைப் பார்க்காமல் போனைப் பார்த்து நடப்பாள்.

"அரண்மனை இன்று மூடல்" என்று ஒருவர் சொன்னால் நம்பலாமா?
— புதுச்சேரி வாசகர்

நம்ப வேண்டாம். வெளியே நின்று அப்படிச் சொல்பவர், அடுத்து மலிவான டுக்டுக் பிடித்துத் தருவார். அது நகைக்கடையில் போய் நிற்கும். வாசல் வரை நீங்களே போய்ப் பாருங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

நாய் கடித்தால், காய்ச்சல் வந்தால்?
— நாகர்கோவில் வாசகர்

நாயோ குரங்கோ கடித்தாலும் நகத்தால் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போங்கள். வெறிநோய் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் இரத்தக்கசிவைக் கூட்டும். டெங்குக் கொசு பகலில் கடிப்பது, எனவே கொசு மருந்தைக் காலையிலேயே பூசுங்கள். ஊர் திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே போயிருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இறங்கியதும் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா? நம் ஊரைப் போல இடது பக்கம்தானே?
— கோவை வாசகர்

இடது பக்கம்தான். ஆனாலும் பாங்காக்கில் வேண்டாம், வடக்கே இருக்கிற பாய் (Pai) மாதிரி சிற்றூர்களுக்குப் போனபின் பார்க்கலாம். ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி, அதில் இருசக்கர வாகனத்துக்கு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் விபத்து நடந்தால் பயணக் காப்பீடு கை கொடுக்காது, மருத்துவமனைச் செலவு முழுவதும் உங்கள் தலையில். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கிற கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள். நகலும் முன்பணமும் போதும் என்கிற கடைகள் இருக்கின்றன. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களையெல்லாம் கடைக்காரர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். ஹெல்மெட் வாரை மாட்டிப் பார்த்து, தளர்வாக இருந்தால் வேறு கேளுங்கள்.