கழுத்தில் தொடங்கி நடுவிரல் வரை இறங்கும் வலி

கேள்வி: எனக்கு வயது 46. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று வாரங்களாகக் கழுத்தின் வலப்பக்கத்தில் தொடங்கும் வலி, தோள்பட்டையின் பின்புறம் வழியாகக் கை முழுவதும் ஷாக் அடிப்பதுபோல் இறங்குகிறது, நடுவிரல் மரத்துப்போகிறது. இரவில் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால்தான் சற்றுத் தூக்கம் வருகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இரண்டு இடங்களில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்யாவிட்டால் கை விளங்காமல் போய்விடும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். இது இதய வலியாகவும் இருக்குமோ என்று கவலைப்படுகிறேன்.

பதில்: ஸ்கேன் அறிக்கையைவிட, நடுவிரல் மரத்துப்போகிறது என்பதும், கையைத் தலைமேல் வைத்தால் வலி தணிகிறது என்பதும் எனக்கு அதிகச் செய்தியைச் சொல்கின்றன. கழுத்தில் 7 எலும்புகள் உள்ளன. அங்கே தண்டுவடத்திலிருந்து பக்கத்துக்கு 8 நரம்பு வேர்கள் பிரிகின்றன. அவற்றுள் கீழே உள்ளவை, எலும்புகளுக்கு இடையிலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறி, கைக்கு உணர்ச்சியையும் வலுவையும் கொண்டுசெல்கின்றன. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தால் 6ஆவது வேரையும், நடுவிரல் மரத்தால் 7ஆவது வேரையும், சுண்டுவிரல் பக்கம் மரத்தால் 8ஆவது வேரையும் முதலில் சந்தேகிப்போம். இவற்றில் அடிக்கடி நசுங்குவது, 6ஆவது எலும்புக்கும் 7ஆவது எலும்புக்கும் இடையில் வெளிவரும் 7ஆவது வேர்தான். கையைத் தலைமேல் வைக்கும்போது அந்த வேரின் மீதுள்ள இழுவிசை குறைவதால், யாரும் சொல்லித்தராமலேயே பல நோயாளிகள் இந்த நிலையைத் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க், வயது ஏற ஏற நீர்ச்சத்து குறைந்து, ஓரங்களில் பிதுங்குகிறது. பக்கத்து எலும்பிலும் சிறு முளைகள் தோன்றித் துளையைக் குறுக்குகின்றன. நசுங்கியதனால் மட்டுமன்றி, டிஸ்கிலிருந்து கசியும் பொருள்கள் நரம்பைச் சுற்றி அழற்சியை உண்டாக்குவதனாலும் வலி எழுகிறது. இந்த அழற்சி நாளடைவில் தணிந்துவிடும் என்பதோடு, பிதுங்கிய பகுதியையும் பல நேரங்களில் உடலே கரைத்துவிடுகிறது. அதனால்தான் இவ்வகை வலி பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே நன்கு குறைந்துவிடுகிறது. கழுத்து வலியே இல்லாத, உங்கள் வயதுள்ள பலரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் ‘டிஸ்க் பல்ஜ்’ என்ற அதே சொற்கள் அறிக்கையில் இருக்கும். ஆகவே அந்த வரியை மட்டும் படித்துவிட்டு ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க வேண்டியதில்லை.

சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பு பொதுவாக இரு பாதங்களிலும் தொடங்கும் என்பதால், ஒரு கையின் ஒரு விரலுக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனால் மணிக்கட்டில் நரம்பு நசுங்கினாலும் நடுவிரல் மரக்கும். தையல் வேலை செய்பவர்களுக்கு அது புதிதல்ல. உங்கள் வலி கழுத்திலிருந்து இறங்குவதால் நான் கழுத்தையே முதலில் சந்தேகிக்கிறேன் என்றாலும், நேரில் பரிசோதிப்பவர் மணிக்கட்டையும் பார்த்துவிடுவது நல்லது. கழுத்தைத் திருப்பும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் கூடுகின்ற வலி பெரும்பாலும் இதயத்தைச் சார்ந்ததல்ல. படியேறும்போது கையிலோ மார்பிலோ இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் ஏற்பட்டால் மட்டும், கழுத்து வலிதான் என்று சமாதானம் செய்துகொள்ளாமல் உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய நெஞ்சு வலி இல்லாமலும் வரக்கூடும்.

வலி மாத்திரைகளில் உங்களுக்குத் தனிக் கவனம் தேவை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி நிவாரணிகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தப் பரிசோதனையில் பார்த்தபின், மருத்துவர் சொல்லும் நாள்களுக்கு மட்டும் சாப்பிடுங்கள். நரம்பு வலிக்கென்று தரப்படும் கபாபென்டின், பிரீகாபாலின் போன்றவை தூக்கத்தையும் கிறுகிறுப்பையும் உண்டாக்குவதால் பெரும்பாலும் இரவில் தொடங்குவோம். கழுத்துப் பட்டையைச் சில நாள்களுக்குமேல் அணிந்தால் தசைகள் தளர்ந்துவிடும். சுளுக்கு எடுப்பவரிடம் போய்க் கழுத்தை வெடுக்கென்று திருப்பிக்கொள்வதை நான் கண்டிப்பாகத் தடுப்பேன். அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அதனால் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

தையலை முற்றிலும் நிறுத்தச் சொல்லவில்லை. மெஷினின் உயரத்தையோ நாற்காலியையோ மாற்றி, தலை முன்னால் தொங்காதபடி அமருங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். கைத்தையலை மடியில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள். தலையணை ஒன்று போதும், குப்புறப் படுக்காதீர்கள். கடும் வலி அடங்கியபின் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் கழுத்து, தோள் பயிற்சிகளைத் தொடங்கலாம்.

ஊசியில் நூல் கோக்கவோ கொக்கி மாட்டவோ இரு கைகளும் தடுமாறுதல், நடையில் தள்ளாட்டம், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமை ஆகியவை தண்டுவடமே அழுத்தப்படுவதன் அறிகுறிகள் என்பதால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோ காரணமற்ற எடைக் குறைவோ சேர்ந்தாலும் தாமதிக்கக் கூடாது. 6 வாரங்கள் முறையாகச் சிகிச்சை பெற்றும் வலி குறையாவிட்டால், அறுவை சிகிச்சை பற்றி நரம்பியல் அறுவை மருத்துவரிடம் அப்போது பேசலாம்.

அதுவரை தினமும் காலையில் இரு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்துத் தள்ளிப் பாருங்கள். 7ஆவது வேர் இயக்கும் முக்கியமான தசை, முழங்கையை நீட்டுகின்ற பின்புயத் தசை. வலக்கையின் தள்ளும் வலு நாளுக்கு நாள் குறைந்துவந்தால், வலி தணிந்திருந்தாலும் ஆறு வாரம் வரை காத்திராமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.