நல்ல ஸ்பீக்கர் வாங்கியும் பாட்டு ஏன் தெளிவாகக் கேட்பதில்லை?

விலை கூடிய ஸ்பீக்கர் வாங்கியும் குரல் அமுங்கிப்போய், பேஸ் மட்டும் கும்மென்று கேட்கிறது என்கிறீர்கள். ஸ்பீக்கரை மாற்றும் முன் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். சுவரோடு, அதுவும் மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் பெருத்துக் குரலை மூடிவிடும். இரண்டு அடி முன்னே இழுத்து வையுங்கள். அப்புறம், இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். உயர் ஒலிகளைத் தரும் அந்தச் சின்ன ட்வீட்டர், உட்கார்ந்திருக்கும் உங்கள் காது உயரத்தில் இருக்கட்டும். சரியாக அமைந்துவிட்டால் குரல் எந்தப் பெட்டியிலிருந்தும் வராது. நடுவே, வெறும் இடத்திலிருந்து வரும். பாடகி அடுத்த வரிக்கு மூச்சை இழுப்பதுகூடக் கேட்கும். முதல் முறை அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வெறும் தரை எதிரொலித்தால் ஒரு கம்பளம் போடுங்கள்.

புதிதாக வாங்குவதானால் வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். சென்சிட்டிவிட்டியை, அதாவது ஒரே அளவு மின்சக்திக்கு ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் சத்தம் தரும் என்பதைப் பாருங்கள்: 90 டெசிபல் ஸ்பீக்கர் தரும் அதே சத்தத்துக்கு 87 டெசிபல் ஸ்பீக்கர் இரு மடங்கு வாட் கேட்கும். கடைக்கு உங்களுக்கு மனப்பாடமான பாட்டையே கொண்டுபோங்கள். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கக் கேட்பதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும்.