தாய்லாந்தில் 30 வருஷக் குத்தகை முடிகிறது: வக்கீலால் என்ன செய்ய முடியும்?

கேள்வி: 1998-ல் தாய்லாந்தின் சமுய் தீவில் ஒரு ராய் (அங்குள்ள நில அளவு) நிலத்தை 30 வருஷக் குத்தகைக்கு எடுத்து வீடு கட்டினேன். குத்தகைப் பணம் முழுவதையும் அப்போதே மொத்தமாகக் கொடுத்துவிட்டேன். 2028-ல் காலம் முடிகிறது. "அதன் பிறகு 30 ஆண்டு, அதற்கும் பிறகு இன்னொரு 30 ஆண்டு நீட்டித்துத் தருவேன்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் நிலக்காரர் இறந்துவிட்டார். அவருடைய மகள் புதுப்பிக்கப் பெரிய தொகை கேட்கிறார். மகன் நிலத்தை விற்கப் போவதாகச் சொல்கிறார். எனக்கு வயது 63. வழக்குப் போட்டால் ஜெயிப்பேனா? எப்படிப்பட்ட வக்கீலைப் பிடிக்க வேண்டும்?

பதில்: அந்த "30, இன்னொரு 30" வரியை மட்டும் நம்பி வழக்குக்குப் போகாதீர்கள். உங்களுக்கு வக்கீல் கட்டாயம் வேண்டும். ஆனால் அவர் வேலை கோர்ட்டில் வாதாடுவதைவிட, குத்தகை முடிவதற்குள் வாரிசுகளோடு பேசி, புது உரிமை ஒன்றை நிலப்பதிவு அலுவலகத்தில் ஏற்றித் தருவதுதான்.

அந்த வரி ஏன் பலவீனமானது என்று பார்ப்போம். தாய்லாந்தின் சிவில் வணிகச் சட்டம், 540-ஆம் பிரிவு, நிலக் குத்தகைக்கு 30 ஆண்டு என்று உச்சவரம்பு வைக்கிறது. 90 ஆண்டு என்று எழுதினாலும் அது 30 ஆகச் சுருங்கிவிடும். புதுப்பிக்கலாம், புதுப்பிக்கும் நாளிலிருந்து மறுபடி 30 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அதாவது புதுப்பித்தல் என்பது அந்த நேரத்தில் இரு தரப்பும் சேர்ந்து செய்ய வேண்டிய புதுக் காரியம். 1998-லேயே எழுதி வைத்த நீட்டிப்பை நீதிமன்றம் வெறும் வாக்குறுதியாகப் பார்க்கலாம். சில சமயம் உச்சவரம்பைத் தாண்டப் போட்ட தந்திரமாகவும் பார்க்கலாம். வாக்குறுதி என்றே வைத்துக்கொண்டாலும், கொடுத்தவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் இறந்தது தெரிந்த பிறகு நீங்கள் "நீட்டித்துக் கொடுங்கள்" என்று கேட்டால், அது வாரிசுகளைக் கட்டுமா என்பதில் தாய்லாந்துத் தீர்ப்புகள் உங்களுக்குச் சாதகமாக இல்லை. நிலம் மூன்றாம் ஆளுக்குக் கைமாறிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஓடிக்கொண்டிருக்கும் குத்தகையைப் புது உரிமையாளர் மதித்தே ஆக வேண்டும், 569-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் நீட்டித்துத் தரும் வாக்குறுதி அவரைக் கட்டாது.

உங்களுக்குக் குத்தகையை விற்றவர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். 1997 ஜூலையில் தாய்லாந்து நாணயமான பாட் சரிந்த பிறகு வெளிநாட்டுப் பணத்துக்கு அங்கே மதிப்புக் கூடியது. அந்தக் காலத்தில் "90 வருஷம் உங்களுக்கே" என்ற பேச்சில் மயங்கியவர்களில் நீங்கள் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை.

சரி, இப்போது என்ன செய்வது? முதல் வேலை நிலப் பத்திரத்தைப் பார்ப்பது. உங்கள் கையில் இருக்கும் ஆங்கில நகலைச் சொல்லவில்லை. நிலப்பதிவு அலுவலகத்தில் இருக்கும் மூலப் பத்திரத்தைச் சொல்கிறேன். அதன் பின்பக்கத்தில் விற்பனை, அடமானம், குத்தகை எல்லாம் வரிசையாகப் பதிவாகியிருக்கும். ஆண்டுகள் புத்த ஆண்டில் இருக்கும், 543-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் குத்தகை 2541-ல் தொடங்கி 2571-ல் முடிவதாக அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால், அதாவது குத்தகை பதிவே ஆகவில்லையென்றால், 538-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுக்கு மேல் அது செல்லாது. அப்படியானால் 2028 வரைகூட உங்களுக்குப் பிடி இல்லை. கொடுமையான செய்திதான், ஆனால் பேச்சுவார்த்தைக்கு உட்காருவதற்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். நிலம் வங்கியில் அடமானம் இருக்கிறதா? அப்புறம், இப்போது யார் பெயரில் இருக்கிறது? இது உங்கள் வழக்கில் மிக முக்கியம். இறந்தவர் பெயரிலேயே இன்னும் இருந்தால், மகளோ மகனோ உங்களுக்கு எதையும் பதிவு செய்து தர முடியாது. முதலில் அவர்கள் வாரிசுரிமையைத் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பெரும்பாலும் அதற்கு நீதிமன்றம் நியமிக்கும் சொத்து நிர்வாகி ஒருவர் தேவைப்படுவார். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். இரண்டு பேர் பெயருக்கும் மாறியிருந்தால், மகள் மட்டும் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு வேலை நடக்காது. அதே சமயம் மகன் மட்டும் கையெழுத்துப் போட்டு முழு நிலத்தையும் விற்கவும் முடியாது. அவர் பங்கை மட்டும்தான் விற்கலாம். அண்ணன் தங்கை இருவரும் ஒத்துப்போகவில்லை என்றால், அவர்களுக்கும் உங்களைப் போலவே சிக்கல்தான். பேரம் பேசும்போது இதை மனதில் வையுங்கள்.

இரண்டாவது கேள்வி, வீடு யாருடையது? இங்கே உங்களுக்குக் கொஞ்சம் வலு இருக்கிறது. நிலத்தோடு ஒட்டியதெல்லாம் நிலக்காரருக்கே என்பது பொது விதி என்றாலும், மற்றவர் நிலத்தில் உரிமையோடு கட்டியது நிலத்தின் அங்கம் ஆகாது என்று 146-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆகவே உங்கள் பெயரில் எடுத்த கட்டுமான அனுமதி, ஒப்பந்தக்காரரோடு போட்ட எழுத்து, பணம் கொடுத்த ரசீதுகள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். வீட்டுப் பதிவேடு ("தபியன் பான்" என்பார்கள்) கையில் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது யார் அங்கே குடியிருக்கிறார் என்று காட்டும் புத்தகம், உரிமைக்குச் சான்று ஆகாது. அப்புறம் குத்தகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். "காலம் முடிந்ததும் கட்டடங்கள் நிலக்காரரைச் சேரும்" என்று ஒரு வரி அங்கே ஒளிந்திருக்கலாம். ஒப்பந்தம் தாய், ஆங்கிலம் என்று இரு மொழியில் இருந்து, இரண்டும் வேறுபட்டு, எது உண்மையான எண்ணம் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், தாய் மொழியில் உள்ளதே செல்லும். நீங்கள் படித்தது ஆங்கிலப் பிரதி மட்டும் என்றால், தாய்ப் பிரதியை உங்கள் செலவில் மொழிபெயர்த்துப் பாருங்கள்.

இனி, வாரிசுகளிடம் எதைக் கேட்பது? வெறும் இன்னொரு 30 வருஷக் குத்தகை மட்டும் கேட்காதீர்கள். தாய்லாந்துத் தீர்ப்புகள் குத்தகையைக் குத்தகைதாரரின் சொந்த உரிமையாகப் பார்க்கின்றன. அவர் இறந்தால் அது பொதுவாக முடிந்துவிடும். 63 வயதில் நீங்கள் எடுக்கும் 30 வருஷக் குத்தகை உங்கள் பிள்ளைகளுக்குப் போகாமலே அறுந்துபோகலாம். அதனால் பிள்ளை ஒருவரைக் கூட்டுக் குத்தகைதாரராகச் சேர்ப்பது நல்லது. அதோடு, வீட்டுக்கு மட்டும் "சித்தி நுவா பூன் தின்" என்ற மேற்பரப்பு உரிமையை, அதாவது பிறர் நிலத்தில் நிற்கும் கட்டடம் உங்களுடையது என்னும் உரிமையை, பதிவு செய்யச் சொல்லுங்கள். இது 1410-ஆம் பிரிவில் வருகிறது. வேறு மாதிரி எழுதாவிட்டால் கைமாற்றலாம், வாரிசுக்கும் போகும். உரிமை முடியும்போது நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு வீட்டைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். நிலக்காரர் சந்தை விலைக்கு வாங்கிக்கொள்ள முன்வந்தால், தக்க காரணம் இல்லாமல் நீங்கள் மறுக்க முடியாது. குறைந்தபட்சம் வெறுங்கையோடு வெளியேற மாட்டீர்கள்.

இன்னொரு வழி 2019-ல் வந்த "சப் இங் சித்" சட்டம். இதுவும் அதிகபட்சம் 30 ஆண்டுதான். ஆனால் இது நிலத்தின் மேலேயே நிற்கும் உரிமை. விற்கலாம், அடமானம் வைக்கலாம், வாரிசுக்கும் போகும். நிலத்துக்கு "சனோட்" என்னும் முழுமையான பத்திரம் இருந்தால்தான் இதைச் செய்ய முடியும். கீழ்த்தரப் பத்திரமாக இருந்தால் இந்தக் கதவு மூடியிருக்கும். என்னைக் கேட்டால், வாரிசுகள் சம்மதித்தால், சனோட் இருந்தால், உங்கள் வயதுக்கு இதுதான் பொருத்தம்.

ஒரு கணக்கு. புதுக் குத்தகையைப் பதிவு செய்ய மொத்தக் குத்தகைத் தொகையில் 1 சதவீதம் கட்டணம், 0.1 சதவீதம் முத்திரைத் தீர்வை. முப்பது வருஷத்துக்குச் சேர்த்து 30 லட்சம் பாட் என்றால் 33,000 பாட். பெரிய சுமை இல்லை. இதை மிச்சம் பிடிக்கத் தொகையைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரோடு அதற்கு மேல் பேசாதீர்கள். நாளைக்குத் தகராறு என்று வந்தால், பத்திரத்தில் உள்ள தொகையைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள்.

வேறு சில யோசனைகளும் காதில் விழும். "ஒரு தாய்லாந்து கம்பெனி ஆரம்பித்து, உள்ளூர்க்காரர்களைப் பெயருக்குப் பங்குதாரர்களாக வைத்து நிலத்தையே வாங்கிவிடுங்கள்" என்பார்கள். வேண்டவே வேண்டாம். வெளிநாட்டவருக்காகப் பெயர் கொடுப்பது நிலச் சட்டத்திலும், 1999-ன் வெளிநாட்டவர் வணிகச் சட்டத்திலும் குற்றம். பின்னதில் மூன்று ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் பாட் வரை அபராதமும் உண்டு. நிலத்தையும் கட்டாயமாக விற்கச் சொல்வார்கள். 2024-ல் குத்தகை வரம்பை 99 ஆண்டாக உயர்த்தும் பேச்சு அரசு மட்டத்தில் எழுந்தது. பேச்சை நம்பி 2028-க்குத் திட்டம் போடாதீர்கள்.

"சும்மா இருந்துவிடலாம், யாரும் எதுவும் சொல்லவில்லையே" என்பதும் ஆபத்து. காலம் முடிந்த பிறகும் நீங்கள் அங்கேயே இருந்து, நிலக்காரர் தெரிந்தும் ஆட்சேபிக்காவிட்டால், 570-ஆம் பிரிவின்படி குத்தகை தொடர்வதாகக் கொள்ளப்படும், ஆனால் காலவரையற்றதாக. அப்படிப்பட்ட குத்தகையை முடிக்க அவர்கள் அதிகபட்சம் இரண்டு மாத அறிவிப்புக் கொடுத்தால் போதும். முப்பது வருஷ வீடு இரண்டு மாத நோட்டீசில் தொங்கும்.

வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன். தாய்லாந்தில் வக்கீல் உரிமம் தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டுமே கிடைக்கும். வெளிநாட்டு "சட்ட ஆலோசகர்" ஒருவர் இனிமையாக ஆங்கிலம் பேசலாம், கோர்ட்டில் உங்களுக்காக நிற்க முடியாது. நீங்கள் தேர்ந்தெடுப்பவரின் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தாய்லாந்து வழக்கறிஞர் மன்றத்தில் உறுதி செய்யுங்கள். தூதரகங்களிடம் உள்ளூர் வக்கீல்கள் பட்டியல் இருப்பதுண்டு. அது தொடங்கும் இடம் மட்டுமே, சிபாரிசு ஆகாது. 1998-ல் உங்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவரிடம் போகாதீர்கள், அவர் தன் தவறைத் தானே சொல்ல மாட்டார். வாரிசுகளுக்கும் சேர்த்து வேலை பார்க்கிறேன் என்பவரும் வேண்டாம். முதல் சந்திப்பிலேயே "சமுய் நிலப்பதிவு அலுவலகத்தில் மேற்பரப்பு உரிமையும் சப் இங் சித்தும் பதிவு செய்திருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். தயங்கினால் அடுத்தவரைப் பாருங்கள். கட்டணம் என்ன, அதில் என்னென்ன வேலை அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மனைவி தாய்லாந்துக்காரர் என்றால் ஒரு சின்ன எச்சரிக்கை. அவர் பெயரில் நிலம் வாங்கி அவரிடமிருந்தே குத்தகை எடுக்கலாம் என்று தோன்றும். திருமணக் காலத்தில் கணவன் மனைவிக்குள் போட்ட ஒப்பந்தத்தை, திருமணம் இருக்கும்போதோ, முறிந்து ஓராண்டுக்குள்ளோ, இருவரில் யார் வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று 1469-ஆம் பிரிவு சொல்கிறது.

நடைமுறை என்று பார்த்தால், முதலில் வக்கீலைக் கொண்டு பத்திரத்தைச் சோதியுங்கள். அடுத்து, ஒப்பந்தத்தில் நீட்டிப்புக் கேட்க என்ன அவகாசம் போட்டிருக்கிறதோ அதற்குள், வாரிசுகள் இருவருக்கும் எழுத்தில் கோரிக்கை அனுப்புங்கள். அந்த வாக்குறுதி பலவீனமானது என்றேன். ஆனாலும் அவகாசத்தைத் தவறவிட்டு அதையும் இழக்க வேண்டாம். பேச்சு முடிந்தால் 2028 வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய குத்தகையை ரத்து செய்து புதியதைப் பதிவதை ஒரே நாளில், ஒரே மேஜையில் முடிக்கச் சொல்லுங்கள். பணத்தை அந்த மேஜையில் பதிவு ஏறிய பிறகே கொடுங்கள். நேரில் போக முடியாவிட்டால், நிலப்பதிவு அலுவலகத்தின் ட.ட.21 என்ற பவர் படிவத்தில் எந்தக் காரியத்துக்கு என்று தெளிவாக நிரப்பி, நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். படிவத்தை வெற்றாகக் கையெழுத்திட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள், உங்கள் வக்கீலிடம்கூட.