நீங்கள் பார்த்ததில் மறக்க முடியாத அருங்காட்சியகம் எது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வெஸ்ட் யார்மத் என்ற ஊரில் இருக்கும் வைடா கடற்கொள்ளையர் அருங்காட்சியகம். பாஸ்டனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தது. அக்கா மகனுக்கு ஒன்பது வயது. "மாமா, நிஜப் புதையல் இருக்காம்" என்று இரண்டு நாளாக அதே பேச்சு.

நிஜப் புதையல்தான். வைடா கப்பலை 1717-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சாம் பெல்லமி என்ற கொள்ளையர் தலைவன் பிடித்தான். அதை அவனால் சில வாரங்கள்தான் வைத்திருக்க முடிந்தது. ஏப்ரல் 26 இரவு மாசசூசெட்ஸின் கேப் காட் தீபகற்பக் கரையருகே புயலில் கப்பல் உடைந்தது. அதில் இருந்த நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்களில் தப்பியவர்கள் இரண்டே பேர். ஆளுநர் அனுப்பிய சிப்ரியன் சவுத்தாக் என்பவர் போய்ச் சேர்வதற்குள், கரை ஒதுங்கியதையெல்லாம் ஊர்க்காரர்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். ஆனால் அவர் கப்பல் உடைந்த இடத்தை வரைபடத்தில் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பின் உதவியோடுதான் 1984-இல் பாரி கிளிஃபோர்ட் குழுவினர் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். மறு வருடம் வெண்கல மணி கிடைத்தது. 'தி வைடா கேலி 1716' என்று அதில் பொறித்திருக்கிறது; 'கேலி' என்பது ஒரு வகைக் கப்பலின் ஆங்கிலப் பெயர்.

வெள்ளிக் காசுகளைப் பார்த்துவிட்டு ஆய்வகப் பக்கம் வந்தோம். என்னைப் பிடித்து நிறுத்திய இடம் அதுதான். தொட்டிகளில் பாறாங்கல் மாதிரி பெரிய பெரிய கட்டிகள். உப்புத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கும்போது சுற்றியிருக்கும் மணலையும் சிப்பியையும் கூழாங்கல்லையும் சேர்த்துப் பிடித்து இறுகிவிடுமாம். பீரங்கி, ஆணி, காசு, தோல், துணி, எது பக்கத்தில் கிடந்தாலும் கட்டிக்குள் போய்விடும். வெளியே கிடந்திருந்தால் மட்கியிருக்கும் பொருள்கூட உள்ளே தப்பித்துக்கொள்கிறது. முதலில் எக்ஸ்ரே எடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பிறகு சின்னக் கருவிகளால் துளித்துளியாகச் சுரண்டுகிறார்கள். இரும்புப் பொருளாக இருந்தால் தொட்டியில் போட்டு மின்சாரம் செலுத்தி உப்பை வெளியே இழுக்க வேண்டும். ஒரு பீரங்கிக்கே வருடக்கணக்கில் ஆகும். இவ்வளவு பொறுமையான வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்படி ஒரு கட்டியிலிருந்து வந்தவைதான் ஒரு சின்ன ஷூ, பட்டுக் காலுறை, ஒரு கால் எலும்பு. எட்டிலிருந்து பதினொரு வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் எலும்பு என்று கணித்திருக்கிறார்கள். ஜான் கிங் என்ற சிறுவனுடையது என்பது ஆய்வாளர்களின் முடிவு. 1716 நவம்பரில் அம்மாவோடு வேறொரு கப்பலில் போய்க்கொண்டிருந்தவன், பெல்லமியின் ஆட்கள் அதை மறித்ததும், தானும் அவர்களோடு வருவேன் என்று அடம்பிடித்துச் சேர்ந்துகொண்டான். ஆறு மாதம்கூட உயிரோடு இல்லை. அக்கா மகன் அந்த ஷூவுக்குப் பக்கத்தில் தன் காலை வைத்து அளந்து பார்த்தான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வைடா அடிமை வியாபாரத்துக்காகவே லண்டனில் கட்டிய கப்பல். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய பெனின் நாட்டில் இருக்கும் அடிமைத் துறைமுகத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஆப்பிரிக்கர்களை ஏற்றிவந்து ஜமைக்காவில் விற்றுவிட்டுத் திரும்பும்போதுதான் பெல்லமியிடம் சிக்கியது. கப்பலில் கிடைத்த, மேற்கு ஆப்பிரிக்காவின் அகான் இன மக்களுடைய தங்க நகைத் துண்டுகளில் கத்தி வெட்டுகள் தெரிகின்றன. கொள்ளையர்கள் சமமாகப் பங்கு போட வெட்டியிருக்கலாம். அழகான வேலைப்பாடு, துண்டு துண்டாகக் கிடக்கிறது.

தப்பிய இருவரில் தாமஸ் டேவிஸ் ஒரு தச்சர். கொள்ளையர்கள் வற்புறுத்திச் சேர்த்ததாகச் சொல்லி வழக்கிலிருந்து விடுதலை ஆனார். மற்றவர் ஜான் ஜூலியன், மத்திய அமெரிக்காவின் மிஸ்கிட்டோ பழங்குடி இளைஞர். கொள்ளையர்களோடு சுதந்திரமாகத் திரிந்தவரை விசாரணைகூட இல்லாமல் அடிமையாக விற்றுவிட்டார்கள். அதைப் படித்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போகிறவர்கள் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் மாதிரிக் கப்பலுக்குள் ஏறி விளையாடட்டும், நீங்கள் ஆய்வகத்தில் நில்லுங்கள். 2021-இல் சில கட்டிகளுக்குள் குறைந்தது ஆறு பேரின் எலும்புகள் இருப்பதாக அறிவித்தார்கள்.